ஒரே பெயரில் இரண்டு கற்கள்

வீரபாண்டிப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தின் வடகோடியில் இரண்டு சமாதிக் கற்கள் இருந்தன. ஒன்று பெரியது. மற்றது முழங்கால் உயரம்கூட இல்லை. இரண்டிலும் ஒரே பெயர். அப்பாவுக்கும் அதே பெயர்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம் என்பதால் யாருக்கும் குழப்பமில்லை. பெரிய கல் தன் தாத்தாவுடையது, சின்னது அந்தத் தாத்தாவின் தாத்தாவுடையது என்பார் அப்பா. அமாவாசைக்கு இரண்டுக்கும் விளக்கு வைப்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கிணற்றில் சாயத் தண்ணீர் ஊறத் தொடங்கியது. தென்னைகள் மொட்டையாகின. கடைசியில் ஒரு சாயப்பட்டறைக்காரரிடமே நிலத்தை விற்றோம். அந்த நிலத்தை வேறு யார் வாங்குவார்கள்? புது இடத்தில் வைத்துக் கும்பிடுவதற்காக, கிரயத்துக்கு முன்பு சமாதியிலிருந்து பிடிமண் எடுத்தோம். அப்பா பெரிய கல்லடியில் மட்டும் எடுத்தார். ஒரே பெயர், ஒரே வம்சம், மூத்தவர் கோவித்துக்கொள்ள மாட்டார் என்றார். நானும் தலையாட்டினேன். ஒரே ஸ்டைல் நம்பரில் வரும் இரண்டு ஆர்டர்கள் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

புது இடத்துக் கல்லில் வம்ச வரிசையைப் பொறிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அனுப்பர்பாளையத்தில் இருந்த அத்தையிடம் போனேன். அப்பாவுக்கு ஒரே அக்கா. சின்னக் கல்லுக்காரரைப் பற்றிக் கேட்டதும் அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அது பெரியவரு இல்லீங் கண்ணு. எம்பட தம்பி. உங்கப்பனுக்கு முந்திப் பொறந்தவன்.”

நான்கு வயதில் அம்மை போட்டுப் போய்விட்டானாம். குழந்தைகளுக்குக் கல் நடுவதில்லை. ஆனால் தன் தகப்பன் பெயரைக் கொண்ட பிள்ளையைக் கல் இல்லாமல் விட அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு மனம் வரவில்லை. அடுத்து அப்பா பிறந்ததும் அதே பெயரை வைத்துவிட்டார். அப்பாயியோ மாமனார் பெயரை வாயால் சொல்லாதவர். இரண்டு பிள்ளைகளையும் ‘சாமி’ என்றே கூப்பிட்டிருக்கிறார். செத்தவனைப் பேசினால் இருப்பவனுக்கு ஆகாது என்று அத்தையின் வாயையும் அடைத்துவிட்டார்கள். ஒரு பிள்ளை இருந்த சுவடே தெரியாமல் போக இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு, அந்த மண்ணையும் எடுத்து வந்தாக வேண்டும் என்றார். மறுநாள் காலை அத்தையையும் அழைத்துக்கொண்டு போனோம். வடகோடியில் கழிவுநீர்த் தொட்டிக்குப் பெரிய பள்ளமாகத் தோண்டியிருந்தார்கள். கற்கள் எங்கே என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். ஹிந்திக்காரர், லாரி போன திசையைக் கையால் காட்டினார். யாரைத் திட்டுவது, விற்றது நாங்கள்தானே.

அப்பா பள்ளத்தோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைக் கையில் எடுப்பதும் உதறுவதுமாக இருந்தார். அத்தை பள்ளத்தின் அந்தப் பக்கம் போய் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எப்போதும் தம்பிதான்.

“ஏனுங்க்கா?” என்று அப்பா நிமிர்ந்தார்.

அத்தை பள்ளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உன்னையில்ல, தம்பி,” என்றார்.