கேட்டில் எழுதியிருந்த பாஸ்வேர்டு

டிப்ளமோ முடித்த கையோடு சிங்காநல்லூரில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். லேத் ஓடும் கூடத்தின் ஓரத்தில் கண்ணாடி வைத்து அடைத்த அறைதான் ஆபீஸ். அதில் கணக்கு எழுத முதலாளியின் மனைவிக்கு ஒரு மேஜை, கம்ப்யூட்டருக்கும் எனக்குமாக ஒரு மேஜை. முதலாளிக்கு மேஜையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. நின்றபடியே பேசுவார், நின்றபடியே காபி குடிப்பார். அவரை எல்லோரும் அண்ணா என்போம், அவர் மனைவியை அக்கா என்போம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. சாதாரண போன் லைனிலேயே இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். மோடம் வழியாக டயல் செய்து, யூசர் நேமும் பாஸ்வேர்டும் கொடுத்தால் உள்ளே விடும். துபாயில் ஒரு கம்பெனிக்கு இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம், செய்துதர அண்ணா பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் எல்லாவற்றையும் இமெயிலில்தான் அனுப்புவார்கள். அதற்காகவே வாங்கினோம்.

முதல் பாஸ்வேர்டு ஒட்டிய உறையில் வந்தது. உடனே மாற்றிக்கொள்ளும்படி உள்ளேயே அச்சிட்டிருந்தது. என்ன வைக்கலாம் என்று கேட்டேன்.

"சாமி பேரை வெச்சுருங்க அம்மணி. மொத மொத தொடங்கற காரியம்."

அவர் சொன்னது குலதெய்வத்தின் பெயர். அது ஒர்க்‌ஷாப் கேட்டில் ஆள் உயரத்தில் எழுதியிருந்தது. டெம்போவின் முன்கண்ணாடியில், பில் புத்தகத்தின் தலைப்பில், அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளின் உச்சியில், எங்கும் 'துணை' சேர்த்து அந்தப் பெயர்தான்.

"அண்ணா, அது நம்ம கேட்லயே எழுதியிருக்குதுங்களே."

"கேட்ல தமிழ்ல இருக்குது. இது இங்கிலீஷ்லதானுங்க அடிக்கோணும்?"

பின்னால் ஓர் எண்ணாவது சேர்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். சாமி என்ன லாரியா, நம்பர் போடுவதற்கு என்றார். அக்கா கணக்கிலிருந்து தலை நிமிரவில்லை. "உடு கண்ணு, சொன்னாக் கேக்கற ஆளா அது" என்றார். அப்படியே வைத்தேன்.

யூசர் நேம் அதைவிடச் சுலபம். இமெயில் முகவரியை விசிட்டிங் கார்டில் தங்க எழுத்தில் அச்சடித்து, பார்க்கிறவர்களுக்கெல்லாம் அண்ணா கொடுத்துக்கொண்டிருந்தார். முகவரியின் முன்பாதிதான் யூசர் நேம்.

சில மாதங்களில் துபாய்க்காரர்கள் முதல் ஆர்டரை உறுதி செய்தார்கள். அளவில் ஒரு சின்ன மாற்றம் இருக்கிறது, திருத்திய டிராயிங்கைச் செவ்வாய்க்கிழமை மெயிலில் அனுப்பிவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். வார்ப்புக்கு மரத்தில் மாதிரி செய்கிற ஆசாரி அதற்காகவே மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்திருந்தார். பவுண்டரியில் எங்களுக்கு உலோகம் ஊற்ற சனிக்கிழமையை ஒதுக்கியிருந்தார்கள். அதைத் தவறவிட்டால் மறுபடி இடம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் போக வேண்டிய சாம்பிள் தாமதமானால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

புதன்கிழமை காலை டயல் செய்தேன். பாஸ்வேர்டு தவறு என்று வந்தது.

எதையும் வரிசையாக அடுக்கிப் பார்ப்பது என் வழக்கம். லைன் இருக்கிறதா? டயல் டோன் கேட்கிறது. மோடம்? வழக்கம்போலக் கத்திவிட்டு அடங்குகிறது, அப்படியென்றால் எதிர்முனை எடுத்துவிட்டது. கேப்ஸ் லாக் அணைந்திருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாக மறுபடி அடித்தேன், அதே பதில். மீதி இருந்தது ஒன்றுதான். யாரோ உள்ளே போய் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். நாங்கள் வாங்கிய மணி நேரம் கொஞ்ச நாளாகவே வேகமாகக் கரைந்ததற்கும் அப்போது காரணம் புரிந்தது.

அண்ணா நம்பவில்லை. "சாமி பேரை எவன் மாத்துவான்?"

"டிராயிங்கை மறுபடி அனுப்பச் சொல்லி துபாய்க்கு ஒரு ஃபேக்ஸ் அடிக்கட்டுங்களா?"

"என்னன்னு அடிப்பீங்க? எங்கூட்டுப் பூட்டை எங்களாலயே தொறக்க முடியலைன்னா? மொத ஆர்டருங்க அம்மணி." திரையை எட்டிப் பார்த்தார். "உள்ள பூந்தவன் நம்ம பேர்ல பதிலும் போடலாமுங்களா?"

"போடலாமுங்க."

என் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

டெலிபோன் ஆபீசுக்குப் போன் செய்து கேட்டேன். கடைசியாகக் கட்டிய பில், ஒரு விண்ணப்பம், போன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வந்து போடும் கையெழுத்து. இவ்வளவும் இருந்தால் புதிய பாஸ்வேர்டு தருவார்கள். போன் அக்கா பெயரில் இருந்தது. அக்காவுக்கு ராசியான கை என்று அண்ணாவுக்கு நம்பிக்கை, அதனால் டெம்போ, லேத், போன் எல்லாமே அக்கா பெயரில்தான். அக்கா சேலை மாற்றிக்கொண்டு வந்தார். மூவரும் டெம்போவில் போனோம்.

அங்கே எங்களைக் கவனித்தவர் ஒரு பெண் அதிகாரி. கோப்பிலிருந்து பழைய விண்ணப்பத்தை எடுத்துவரச் சொல்லி, அக்காவின் புதிய கையெழுத்தோடு வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கையெழுத்து உங்களுதுங்களா?"

அக்கா எட்டிப் பார்த்தார். "பேரு என்னோடதுங்க. எழுத்து எங்கூட்டுக்காரரோடதுங்க."

அதிகாரி அண்ணா பக்கம் திரும்பினார். அண்ணா மின்விசிறியைப் பார்த்தார்.

"அவசரத்துக்குங்க. ஃபாரம் குடுக்கறதுக்குக் கடைசி நாளு. இவ நோம்பிக்கு அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டா."

"இப்ப இந்தம்மா போட்டது ஒத்துவரலை. ஒத்துவர்ற மாதிரி போடறவர் பேர்ல போனே இல்லை. நான் யாருக்குங்க பாஸ்வேர்டு குடுக்கறது?"

"வேணும்னா பழையபடி நானே ஒண்ணு போட்டுத் தந்தறட்டுங்களா?"

அதிகாரி மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

கையெழுத்தை விட்டுவிட்டு ஆளை உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறதா என்று நான் கேட்டேன். போட்டோவோடு வாக்காளர் அட்டை இருந்தால் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார். அண்ணா வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தார். அதிகாரி அட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"நாந்தானுங்க. அன்னைக்குக் காய்ச்சல்" என்றார் அக்கா.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய கையெழுத்து தன்னுடையதல்ல என்று அக்காவை ஒரு கடிதம் எழுதச் சொல்லி, மாதிரிக் கையெழுத்தைப் புதிதாக வாங்கிக்கொண்டார். மதியத்துக்குமேல் ஒட்டிய உறை வந்தது. அண்ணா கையை நீட்டினார்.

"உங்ககிட்ட இல்லீங்க. இது போன்காரம்மாவுக்கு."

திரும்பி வந்து டயல் செய்தேன். உள்ளே விட்டது. டிராயிங் செவ்வாய்க்கிழமையே வந்திருந்தது. யாரும் திறக்காத மெயிலாகத் தடித்த எழுத்தில் நின்றது. எங்கள் பெயரில் பதில் எதுவும் போகவில்லை. அச்செடுத்து ஆசாரிக்குக் கொடுத்தனுப்பினோம்.

இனி பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அண்ணா வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து வந்தார். "நீங்க கொஞ்சம் அக்கட்டப் போங்க. கண்ணு, என்ன வெச்சா நல்லது?"

ஆள் பெயர் வேண்டாம், சாமி பெயர் வேண்டாம், பிறந்த தேதி வேண்டாம், பத்திரிகையில் அச்சடிக்கிற எதுவும் வேண்டாம் என்றேன். எழுத்தும் எண்ணும் கலந்திருக்க வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது.

"உன்கிட்டயுமா?"

"என்கிட்டயுந்தானுங்க அக்கா."

அண்ணாவும் நானும் சுவரைப் பார்த்து நின்றோம். அக்கா ஒற்றை விரலால் நெடுநேரம் அடித்தார்.

மறுநாள் போன் வந்தது, நான்தான் எடுத்தேன். பேசியவர் அண்ணாவுக்குப் பங்காளி முறையில் தம்பி. அதே குலதெய்வம்தான் அவருக்கும். நான்கு தெரு தள்ளிக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திவந்தார்.

"ஏனுங்க, நேத்து மத்தியானத்துல இருந்து நெட்டு போகமாட்டேங்குது. பாஸ்வேர்டு ஏதாச்சும் மாத்திப்போட்டீங்களா?"

"உங்களுக்கு எப்பிடிங்க அது தெரியும்?"

"நம்ம சாமி பேருதானுங்க. பங்காளிகளுக்குப் பொதுதானேன்னு அப்பப்பப் போட்டுக்குவேன். கேட்லயே எழுதியிருக்குதா, எவனாச்சும் கண்டுபுடிச்சுருவான்னு செவ்வாய்க்கெழமை நாந்தான் மாத்தி வெச்சேன். அண்ணங்கிட்டச் சொல்லோணும்னுதான் இருந்தேன், மறந்துபோட்டேன்."

அண்ணாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு போனைக் கொடுத்தேன். அவர் முகம் சிவந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். வாயிலிருந்து வந்ததோ, "சொல்லுங்க தம்பி… ஆமாங்க… அதுக்கென்னுங்க" என்பதுதான். இந்த 'அதுக்கென்னுங்க'வை நான் அறிவேன். டெம்போ இரவல் போவதும் டிரில் மெஷின் திரும்பி வராததும் அதைச் சொல்லித்தான். ஒரே கோயிலில் பொங்கல் வைக்கிறவர்களிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. அங்கிருந்து ஏதோ கேட்டிருக்க வேண்டும். அண்ணா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். விறைத்திருந்த அண்ணாவின் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

"பாஸ்வேர்டுங்களா? எனக்குத் தெரியாதுங்க தம்பி. சத்தியமாத் தெரியாது. உங்க அண்ணிகிட்டக் கேட்டுக்குங்க."

அக்கா வாங்கி, குழந்தைகளின் படிப்பை விசாரித்தார், மாமியாரின் முழங்கால் வலியை விசாரித்தார், கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதா என்று கேட்டார். "அதுங்களா? அதைய யார்கிட்டயும் சொல்லப்படாதுன்னு நம்ம கம்ப்யூட்டர்ப் புள்ள சொல்லியிருக்குதுங்க. உங்க அண்ணனுக்கே சொல்லலைங்க தம்பி. ஞாயித்துக்கெழமை எல்லாருமா வந்துபோடுங்க, கோழி அடிக்கறேன்."

சனிக்கிழமை உலோகம் ஊற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை பங்காளி குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாராம். திங்கட்கிழமை காலை, சாம்பிள் இந்த வாரம் புறப்படும் என்று துபாய்க்கு எழுத வேண்டியிருந்தது. நான் டயல் செய்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"ஏம் புள்ள, கொஞ்சம் வந்து தொறந்து உடு" என்றார் அண்ணா, அக்காவிடம்.

"இந்தக் கூட்டலை முடிச்சுப்போட்டு வாரேனுங்க."

அக்கா முடித்துவிட்டுத்தான் வந்தார். நாங்கள் இருவரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.