‘அவள் கெடுத்தவை’ என்று எழுதிய டப்பா

எனக்குக் கோபம் வந்தால் கத்துவதோடு விட மாட்டேன், எழுதியும் வைப்பேன். நாணயம் சேர்க்கிறவனுக்கு அந்தப் புத்தி தானாக வந்துவிடுகிறது. எந்தக் காசு கைக்கு வந்தாலும் அதற்கு ஒரு துண்டுச் சீட்டு. என்ன காசு, எங்கே கிடைத்தது, எந்த நிலையில் இருக்கிறது என்று மூன்று வரி. எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டு முழுக்க இந்தச் சீட்டுகள்தாம். அதே பேனாவால்தான், ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, ‘அவள் கெடுத்தவை’ என்று எழுதினேன். அவள் என்றால் என் மனைவி. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் தெரிகிற இடத்தில் அது பதினோரு வருஷம் இருந்தது. அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும்.

நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்தவன். ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் வேகவைத்து இறக்கியே முப்பது வருஷம் போனது. மிச்ச நேரமெல்லாம் காசுக்கும் தபால்தலைக்கும்தான். மாசி மகத்துக்கு ஊரே சாமி பார்க்கப் போனால் நான் சாக்கு விரித்துப் பழைய சாமான் விற்கிறவர்கள் முன்னால் குந்தியிருப்பேன். மணிமுத்தாற்று மணலில் காசு கிடைத்தது என்று யாராவது சொன்னால் சைக்கிளை எடுத்துவிடுவேன். மங்கலம்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடைக்காரர், வளைகுடாவிலிருந்து தம்பிமார் போடும் கடிதங்களின் உறைகளை எனக்காகச் சேர்த்து வைப்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் எனக்கு இந்தப் பைத்தியம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். சுத்தப் பொய். கல்யாணத்துக்கு முன்னாலேயே எனக்கு இது முற்றிவிட்டது.

அவள் அதில் ஒருநாளும் குறை சொன்னதில்லை. தபால்தலைகளை உறையிலிருந்து உரித்தெடுப்பது அவள் வேலை. என் விரல்கள் சூளை வேலையில் தடித்துப்போனவை, நான் உரித்தால் பல் பல்லாக இருக்கும் ஓரம் கிழிந்துவிடும். அவள் ஒரு தாம்பாளத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, உறைத் துண்டுகளை மிதக்கவிட்டு, தானாகப் பசை விட்டுக் கழன்று வரும்வரை காத்திருப்பாள். பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி முறத்தின் பின்பக்கம் ஒட்டிக் காய வைப்பாள். “இவரு யாரு, தலையில துண்டு கட்டிக்கிட்டு? எந்த ஊரு ராஜாங்க?” என்று கேட்பாள். எனக்குத் தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு ஊரைச் சொல்லிவைப்பேன்.

பழைய காசு சேர்க்கிறவர்களுக்கு முதல் விதி ஒன்று உண்டு. காசைக் கழுவக் கூடாது. செம்பிலும் வெள்ளியிலும் வருஷக்கணக்காகப் படிந்த கறுப்புதான் அதற்கு மதிப்பு. தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால், விஷயம் தெரிந்தவன் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, ‘கழுவின காசு’ என்று சொல்லிக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவான். இதை நான் எத்தனையோ பேரிடம் விளக்கியிருக்கிறேன். அவளிடம் மட்டும் சொன்னதில்லை. கூடவே இருக்கிறவளுக்குத் தெரியாதா என்று ஒரு நினைப்பு.

அந்த வருஷம் ஆயுத பூஜை. கம்பெனியில் அச்சுகளைக் கழுவி, சூளைக் கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து முடிக்க மதியமாகிவிட்டது. பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் தலைவாழை இலை. ஒரு பக்கம் அரிவாள்மணை, அவள் தையல் மிஷின், என் ஸ்பேனர்கள். இலையின் நடுவில் வரிசை வரிசையாக என் காசுகள். செப்புக் காசெல்லாம் புதுக் குத்துவிளக்குபோல மினுங்கின. ஓட்டைக் காலணாக்களுக்குக்கூட ஓட்டையைச் சுற்றி இடம் பார்த்துச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தாள். நல்லூரில் ஒரு விவசாயி வீட்டுக்கு மூன்று தடவை நடந்து கெஞ்சி வாங்கிய ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது.

“கை காலைக் கழுவிக்கிட்டு வாங்க. உங்களுக்காகத்தான் சூடம் ஏத்தாம வெச்சிருக்கறேன்” என்றாள்.

“என்ன பண்ணி வெச்சிருக்கற இது?”

“புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சேன். விடிஞ்சதுலேருந்து இதே வேலதான், விரலெல்லாம் எரியுது. கம்பெனிக்கு நீங்க போறது சோத்துக்கு. உசுர வெச்சிருக்கறது இதும்மேலதானே? அதான் பூஜையில வெச்சேன்.”

இதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கத்தினேன். அறிவிருக்கிறதா என்று கேட்டேன். இருபது வருஷ உழைப்பை ஒரு காலையில் நாசமாக்கிவிட்டாய் என்றேன். அடுத்த தெருவரைக்கும் கேட்டிருக்கும். கடைசியில், “இனிமே என் பொருள்மேல உன் கை படக்கூடாது” என்றேன்.

அவள் தன் கையைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் புளிக் கறை.

“கறுப்புதானே போச்சு? கொலுசு கறுக்கல? வெச்சிருந்தா தானா மறுபடியும் கறுத்துடும்ங்க. இதுக்குப் போயி நல்ல நாளும் அதுவுமா இப்படிக் கத்துறீங்களே.”

அன்றைக்கு எங்கள் வீட்டில் சூடம் ஏற்றவில்லை. நான் அந்தக் காசுகளை அள்ளித் துணியால் துடைத்து, பிஸ்கட் டப்பாவில் கொட்டி, மூடியில் எழுதி, பீரோவில் வைத்தேன். மற்றக் காசுகளோடு சேர்த்து வைக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. மறுநாளே சிரித்துப் பேசினாள், எனக்குப் பிடித்ததைச் சமைத்தாள், சினிமாவுக்குக்கூடப் போனோம். ஆனால் சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாள். பீரோவைத் துடைத்தால் கீழ்த்தட்டோடு துணியை நிறுத்திக்கொள்வாள். மேல்தட்டு மூலையில் சிலந்தி வலை கட்டினால், “மேல ஒட்டடை இருக்குதுங்க, பாத்துக்குங்க” என்று என்னிடம் சொல்வாள். மங்கலம்பேட்டை உறைகள் தாம்பாளத்துக்குப் போகாமல் ஒரு பையில் சேர்ந்தன. நானே ஒருநாள் தண்ணீரில் போட்டு நாலைந்தைக் கிழித்தேன். அவள் அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். நான் கூப்பிடவில்லை.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவள் குங்குமச் சிமிழோடு வீட்டைச் சுற்றி வருவாள். மிக்ஸிக்குப் பொட்டு, தையல் மிஷினுக்குப் பொட்டு, என் பைக்குக்குப் பொட்டு. பீரோவிடம் வரும்போது சிமிழை மூடிவிடுவாள். ‘இதுக்கும் ஒண்ணு வை’ என்று மூன்று சொற்கள் சொன்னால் போதும். பதினோரு வருஷமும் தொண்டைவரை வந்தது. எனக்கு வறட்டுக் கௌரவம். தப்பு செய்தது அவள்தானே, முதலில் அவள் பேசட்டும் என்று இருந்தேன். அவள் தப்பு என்று நான் நிஜமாக நினைத்தது முதல் வருஷம் மட்டும்தான்.

போன வருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். வீட்டிலேயே இருக்கும்போதுதான் அவள் அந்த பீரோவை எப்படித் தாண்டிப் போகிறாள் என்பது நாள் முழுக்கக் கண்ணில் பட்டது. வருகிற பூஜைக்கு நானே டப்பாவை எடுத்து, பிளாஸ்திரியை உரித்து, இலையில் காசுகளைப் பரப்பி வைப்பது என்று முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசை.

ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இங்கே பார்த்தோம், சரியாகவில்லை, புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன என்றார்கள். நான் பூஜைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். குனிந்து, “அந்தக் காசு விஷயம்…” என்று ஆரம்பித்தேன்.

“பீரோவப் பூட்டினீங்களா?” என்றாள். “நாம இங்க இருக்கறோம், வூட்டுல யாரும் இல்ல. அதத் தொலைச்சிட்டு நிக்காதீங்க. மத்தத வூட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்.”

பூட்டினேன் என்றேன். அதுதான் நான் அவளிடம் கடைசியாகப் பேசியது.

மறுநாள் காலை ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து என் அக்கா வந்து எல்லாக் காரியத்தையும் கையில் எடுத்துக்கொண்டாள். குளிப்பாட்டி, கூறைப்புடவை உடுத்தி, கூடத்தில் கிடத்தினார்கள். அன்றைக்கு வாழை இலை போட்டிருந்த அதே இடம். அக்கா என்னிடம் வந்தாள்.

“தம்பி, நெத்திக்கு வெக்க ஒரு ரூவா காசு வேணும்டா.”

சட்டைப் பையில் கைவிட்டேன், இல்லை. வந்திருந்தவர்களிடம் கேட்டார்கள். அத்தனை பேர் கையிலும் செல்ஃபோன்தான் இருந்தது. டீக்கடையில்கூட இப்போது யாரும் சில்லறை கொடுப்பதில்லை. பக்கத்துக் கடையோ துக்கத்துக்கு மூடியிருந்தது. அக்காவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“வூடு பூரா காசா வெச்சிருக்கறவன் நீ. உன் பொண்டாட்டிக்கு ஒரு காசு இல்லாம நிக்கிறியேடா.”

பீரோவைத் திறந்தேன். ஆல்பங்களில் இருந்த எதையும் எடுக்கத் தோன்றவில்லை. டப்பாவை எடுத்தேன். துருப்பிடித்து மூடி இறுகியிருந்தது. எழுதி வைத்த நாளுக்குப் பிறகு நான் அதைத் திறந்ததே இல்லை. நெம்பித் திறந்தேன். உள்ளே எல்லாம் கறுத்திருந்தன. செப்புக் காசுகள் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டன. வெள்ளி ரூபாய் அடுப்புக் கரியாக இருந்தது. தானாகக் கறுத்துவிடும் என்று அன்றைக்கே சொன்னாள். ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெளியே அக்கா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளி ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாங்கிப் பார்த்தாள்.

“என்னடா இது, இம்மாம் கறுப்பா இருக்குது? மொவத்துல வெக்கிறதுடா. போயி கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டு வா.”

அடுப்பங்கரைக்குப் போனேன். கம்பெனியில் கீறல் விழுந்தது என்று ஒதுக்கியதை நான் கொண்டுவந்து கொடுத்த பீங்கான் ஜாடியில், அவள் கொட்டை எடுத்து அமுக்கி வைத்த புளி இருந்தது. ஒரு துண்டு பிய்த்துத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு ஒரு காலை முழுக்க ஆயிற்று என்பது ஞாபகம் வந்தது. அழுத்தித் தேய்த்தேன். ராஜாவின் தலையைச் சுற்றியிருக்கும் எழுத்துகளின் இடுக்கிலிருந்து சிவப்பாகக் கொஞ்சம் கரைந்து என் விரலில் ஒட்டியது. அவள் வைத்த குங்குமம். என் விரல் நுனிகள் எரிய ஆரம்பித்தன.

நெற்றியில் வைக்கிற காசு வீட்டுக்குத் திரும்பி வராது. அக்கா கையை நீட்டினாள், நான் கொடுக்கவில்லை. சந்தனத்தைக் குழைத்து நானே வைத்தேன். “நீ ஒண்ணும் கெடுக்கல” என்று அவள் காதருகில் சொன்னேன். பெண்கள் அழுத சத்தத்தில் பக்கத்தில் நின்ற அக்காவுக்கே அது கேட்கவில்லை.