பந்தில்லாமல் பழக்கிய என் தம்பி

ஜெர்மனியின் இந்த ஆஹென் நகரில் காலையில் மூடுபனி இறங்கினால் எனக்குத் தம்பி தெரிகிறார். உணவகத்துக்குப் போகும் வழியில்தான் அந்தக் கல்லூரி மைதானம் இருக்கிறது. வெள்ளைப் புகைக்குள்ளே நீல மழையங்கி போட்ட ஒருவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டோரம் மெதுவாக நடக்கிறார். வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தால், வேலிக் கம்பியில் யாரோ மாட்டிவிட்டுப் போன நீலப் பை. தெரிந்துதான் அடுத்த நாளும் நிறுத்துகிறேன். இப்படியே ஓர் ஆண்டு போய்விட்டது.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினருக்கும் நண்பருக்கும் என் வணக்கம். கட்டுரையைத் தான் எழுதித் தருவதாக என் மூத்த மகன் சொன்னான். நான் விடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தப் படிப்பை வைத்துத்தான் இந்த நகரத்தில் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவினேன், பிறகு அங்கேயே சமைத்தேன், பிறகு அந்த உணவகத்தையே வாங்கினேன். இன்று அதற்கு முன்னால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அவ்வளவும் செய்தவனுக்குத் தன் தம்பியைப் பற்றி எழுத முடியாதா? வாழ்நாள் முழுவதும் அவரை 'டேய்' என்றுதான் கூப்பிட்டேன். இந்தத் தாளில் 'அவர்' என்றே எழுதுகிறேன். அதற்கு அவர் தகுதியானவர்.

தம்பி யாழ்ப்பாணத்துப் பாசையூரில் எங்கள் பெற்றோருக்குக் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். நான் கடலுக்குப் போனேன், அவர் கல்லூரிக்குப் போனார். போக வைத்தது நான் என்பதையும் எழுதிவிடுகிறேன். அங்கே உதைபந்தாட்ட அணியில் பின்வரிசையின் நடுவில் நின்றார். கோல் அடிக்கிறவனைத்தான் ஊர் தோளில் தூக்கும். தம்பியை ஒருவரும் தூக்கியதில்லை. ஆனால் அவர் நிற்கும் நாளில் எதிரணிக்காரர் முகம் தொங்கிப்போய்த்தான் மைதானத்துக்கு வருவார்கள். பிறகு நாடு கெட்டது. அவருடைய முழங்காலும் கெட்டது. நான் முதலில் இங்கே வந்து, அவரைக் கூப்பிட்டேன். அகதி விண்ணப்பம், விடுதி அறை, நீண்ட காத்திருப்பு எல்லாம் நம்மில் பலர் பட்டதுதான். அவர் ஒரு பண்டகசாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினார். விடுமுறைகளில் ஜெர்மன் மொழியிலேயே படித்து, உதைபந்தாட்டப் பயிற்றுநர் சான்றிதழும் எடுத்தார். என் உணவகத்தில் மேலாளராக வா என்று எத்தனையோ முறை கேட்டேன். சிரிப்பார், தேநீரைக் குடிப்பார், போய்விடுவார். சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு படுக்க வேண்டும் என்று வந்தபிறகும் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

உலகக் கிண்ணம் இந்த நாட்டுக்கு வந்த கோடைக்கு முந்திய இலையுதிர்காலம். என் மூத்த மகன் றொஷான் படித்த பொறியியல் கல்லூரியின் அணி, மாணவர் அணிகளின் போட்டியில் ஆகக் கீழே கிடந்தது. பின்வரிசையின் நடுவில் றொஷான். கோலுக்குள் கரூரிலிருந்து படிக்க வந்த செந்தில். இடப்பக்கம் மொரோக்கோக்காரன் யூசுப், வலப்பக்கம் ஜெர்மன் பிள்ளை மார்ட்டின். நல்ல பிள்ளைகள், ஆனால் ஆளுக்கொரு திசை. பயிற்றுநர் ஊவே நேர்மையான மனிதர். என் உணவகத்தில் சாப்பிட வந்தவர், தம்பியோடு பேசத் தொடங்கி, மேசையில் இருந்த கரண்டி, முள்ளுக்கரண்டியையெல்லாம் அடுக்கிக் காட்டி, சோற்றை ஆறவிட்டார். எழும்பும்போது, முன்வரிசையை நான் பார்க்கிறேன், பின்வரிசையை நீ எடு என்று கேட்டுவிட்டுப் போனார். கல்லூரி விளையாட்டுப் பிரிவு ஏற்கெனவே சொல்லியிருந்ததாம்: இந்தப் பருவமும் கடைசி இடத்தில் முடித்தால் மைதான நேரம் வேறு அணிக்குப் போகும். மைதானம் இல்லையென்றால் அணியும் இல்லை.

வைத்தியர் வேண்டாம் என்றார். தம்பியின் மனைவி அழுதாள். தம்பி சொன்னது இவ்வளவுதான்: "இயந்திரம் கிடத்திற நாளுக்குக் கிடக்கிறன். மற்ற நாளிலையும் கிடக்கச் சொல்லாதேங்கோ."

முதல் நாள் பயிற்சியைப் பார்க்கப் போனேன். என் வாழ்க்கையில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மாலைப் பனி முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. நாலு பிள்ளைகளும் அதற்குள்ளே நிற்கிறார்கள். தம்பி கையை இந்தப் பக்கம் காட்டினால் நாலு பேரும் இந்தப் பக்கம் நகர்கிறார்கள். அந்தப் பக்கம் காட்டினால் அந்தப் பக்கம். பனி அவர்களோடு சேர்ந்து சுழல்கிறது. ஆழமில்லாத தண்ணீரில் மீன்கூட்டம் ஒரே நேரத்தில் திரும்புமே, அப்படி. சத்தம் இல்லை. பந்தும் இல்லை. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உணவகத்தில் கறியை இறக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.

தம்பி கரைக்கு வந்ததும் கேட்டேன். "என்னடா, பந்தில்லாமல் பந்தாட்டம்? நான் அரிசியில்லாமல் சோறு காய்ச்சவோ?"

"அண்ணை, பந்தைக் குடுத்தால் எல்லாரும் பந்தைத்தான் பாப்பாங்கள். பக்கத்திலை நிக்கிறவனை ஆர் பாக்கிறது?"

எனக்கு அது பிடிக்கவில்லை. பிடித்ததாக அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த ஆட்டத்தில் நடந்ததை நம் குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். மழைத்தூறல். உயரப் பந்து ஒன்று செந்திலுக்கும் றொஷானுக்கும் நடுவில் விழுந்தது. றொஷான் "வாறன்" என்று கத்தினான். செந்தில் நின்றுவிட்டான். றொஷானோ எதிரணி ஆளைப் பிடிக்க அந்தப் பக்கம் ஓடிவிட்டான். பந்து இரண்டு பேருக்கும் நடுவால் நடந்து கோலுக்குள் போனது. நடந்துதான் போனது, அவ்வளவு மெதுவாக.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் வழக்கு வந்தது. செந்தில் பாவம், கையுறையைக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றான். "வாரேன்னு கத்தினார் அங்கிள். வருவார்னுதான் நின்னேன்."

"நான் போறன் எண்டுதான் சொன்னனான்" என்றான் றொஷான்.

"போறேன்னா, போறேன்னு சொல்லணும்ல?"

"போறன் எண்டு சொன்னால் அம்மா வாயிலை போடுவா."

உண்மைதான். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும் எவரும் 'போறன்' என்று சொல்லக் கூடாது. என் மனைவியின் சட்டம் அது. கடைக்குப் போனாலும் வாறன், கல்லூரிக்குப் போனாலும் வாறன். இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லுக்குப் புறப்படுகிறேன் என்று மட்டும்தான் பொருள். தம்பி வாங்குப் பலகையில் உட்கார்ந்து விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஊவேக்கு ஜெர்மனில் விளங்கப்படுத்தினார். போகிறவன் வருகிறேன் என்று சொல்லும் மொழியில் பந்தாடுவது ஆபத்து என்று ஊவே சொன்னாராம்.

சிரித்து முடிந்ததும் தம்பி எழுந்து நின்று ஒரு சட்டம் வைத்தார். "இனி ஒருத்தனும் தன்னைச் சொல்லப்படாது. வாறன் இல்லை, போறன் இல்லை, என்ரை பந்து எண்டும் இல்லை. பந்து ஆருக்கெண்டு பக்கத்திலை நிக்கிறவன் பாத்து, அவன்ரை பேரைச் சொல்லவேணும்." அதையே ஜெர்மனிலும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அந்த அணி மாறியது. நான் கண்ணால் பார்த்தவன். பனிக்காலம் முழுக்க, பந்தில்லாமல் பாதி நேரம், பந்தோடு பாதி நேரம், பெயர் மட்டும்தான். செந்தில். யூசுப். றொஷான். மார்ட்டின். திரும்பவும் யூசுப். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால் கோயிலில் மன்றாட்டுமாலை சொல்வது போல இருக்கும். ஒரு குரல் ஒரு பெயரைச் சொல்ல, அந்தப் பெயருக்குரியவன் பனிக்குள்ளிருந்து எழுந்து வருவான். வாங்கும் கோல்கள் குறைந்தன. பிறகு வாங்குவதே அரிதானது. ஊவேயின் முன்வரிசைக்கும் துணிவு வந்தது. பின்னால் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தானே முன்னால் போகக் கால் வரும். வசந்தம் வரும்போது அணி கடைசி இடத்திலிருந்து ஒரு படி மேலே ஏறி நின்றது. கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும்.

அந்த ஆட்டம் தம்பிக்கு இயந்திர நாளில் வந்து விழுந்தது. நாளை மாற்றிக் கேட்டார். வைத்தியர் இந்த முறை அசையவில்லை. முந்திய வாரமும் மாற்றிக் காலெல்லாம் வீங்கியிருந்தது. தம்பி என் உணவகச் சமையலறைக்கு வந்து வெங்காய மூட்டையில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் நிறம்.

"அண்ணை, என்ரை இடத்திலை நீங்கள் போய் நில்லுங்கோ."

"நிண்டு என்னத்தைச் சொல்ல?"

"ஒண்டும் சொல்லப்படாது."

"ஒண்டுமே?"

"ஓம். நீங்கள் வாய் திறந்தால் பொடியள் உங்களைப் பாப்பாங்கள். பிறகு ஒருத்தனை ஒருத்தன் விட்டிடுவாங்கள். ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ, வேறை ஆளைப் பாப்பம்."

என்னால் ஏலாத வேலை ஒன்று இந்த நகரத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, உடுப்பில் ஒட்டிய வெங்காயத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

ஜூன் மாதத் தொடக்கம். உலகக் கிண்ணத்துக்காக வண்டிகளிலெல்லாம் கொடிகள். மைதானத்தைச் சுற்றி நிற்கும் பொப்லர் மரங்கள் பஞ்சு விடும் காலம். வெயில் சாய்ந்திருக்க, வெள்ளைப் பஞ்சு காற்றில் இறங்கிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளின் தலைமுடியில், புல்லில், என் சட்டையில். எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல மெதுவாகத் தெரிந்தது. நான் தம்பி நிற்கும் இடத்தில் நின்றேன். கைகளைப் பின்னால் கட்டினேன். மீன் சந்தையில் ஏலம் கூறிய வாய் இது. சமையலறையிலிருந்து வீதிவரை கேட்கும் குரல். அதைப் பூட்டிவிட்டு நிற்பது என்ன பாடு என்பதை என்னை அறிந்தவர்கள் அறிவார்கள்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. மூலையிலிருந்து உயர அடித்த பந்து சூரியனுக்குள் போய்விட்டது. பஞ்சு எது, பந்து எது என்று பிரிக்க முடியாத வெளிச்சம். பின்வரிசை முழுவதும் அண்ணாந்து நின்றது. ஒருவர் வாயிலும் பெயர் வரவில்லை. நான் நின்ற இடத்துக்கு வெயில் மறைவு. எனக்குப் பந்து தெரிந்தது. அது யாருக்கென்றும் தெரிந்தது. வாய் திறந்துவிட்டது. உள்ளே போன பஞ்சு நாக்கில் ஒட்டியது. நான் சத்தம் விடவில்லை.

"செந்தில்" என்றான் யூசுப். சாதாரணமாகச் சொன்னான், மேசையில் உப்பைக் கேட்பது போல.

செந்தில் கையை நீட்டினான். வெளிச்சத்துக்குள்ளிருந்து பந்து வந்து அந்தக் கையில் உட்கார்ந்தது. மத்தியஸ்தர் ஊதினார்.

வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். தம்பியின் மனைவி அவர் காதில் வைத்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னமே, "பூச்சியம்தானே, அண்ணை" என்றார்.

"ஆரடா சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் மூச்சு விட்டியள். கோல் வாங்கியிருந்தால் கத்தியிருப்பியள்."

இயந்திரத்தில் கிடந்தபடி கண் அயர்ந்தாராம். மைதானம் முழுக்கக் கடல் தண்ணீர் நிற்பதாகவும், பிள்ளைகள் அதில் நனையாமல் நடப்பதாகவும் கண்டாராம். கரையில் நான் நின்றேனா என்று கேட்டேன். நின்றீர்கள், வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள், அதனால்தான் கனவென்று தெரிந்தது என்றார்.

மேலும் ஒரு பருவம் அந்தக் கோட்டோரம் நடந்தார். அணி நடுப்பகுதிக்கு ஏறியது. அடுத்த இலையுதிர்காலத்தில், நோவு பெரிதாக இல்லாமல், மனைவி பக்கத்தில் இருக்க, இறைவனிடம் போனார். அடக்கத்தின்போது ஊவே பேச எழுந்து, பின்வரிசைப் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இரவு பகல் பாராது அவரைப் பார்த்த வைத்தியருக்கும் தாதியருக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த அடிகளாருக்கும், டார்ம்ஸ்டாடிலிருந்தும் வால்டோர்ஃபிலிருந்தும் வேலையில் விடுப்பெடுத்து வந்த அணிப் பிள்ளைகளுக்கும், சமைத்துப் பரிமாறிய பெண்களுக்கும், இறுதிவரை அவரைத் தாங்கிய அவருடைய மனைவிக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. சமையல் பாத்திரங்கள் என்னுடையவை. இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். அந்த அணியில் எல்லோரும் தம்பியை றொஷான் கூப்பிட்டபடியே கூப்பிட்டார்கள். ஜெர்மன்காரரும் அப்படித்தான், அது என்ன உறவென்று தெரியாமலே. அவர் போனபிறகு பிறந்த வழக்கம் இது: இப்போது பின்வரிசையைப் பழக்குகிற வேலைக்கே அங்கே அதுதான் பெயர். போன மாதம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஊவே ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். ஜெர்மன் எழுத்தில், பெரிதாக: 'சித்தப்பா தேவை'.

உறவினர்களே, உங்களில் யாராவது ஒரு காலத்தில் பின்வரிசையில் நின்றவர் இருந்தால், தயவுசெய்து ஊவேயைப் போய்ப் பாருங்கள். பயிற்சி செவ்வாய்க்கிழமை மாலை. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.