இறுக்கிப் பிடிக்கக் கூடாத துப்பாக்கி

கொடைக்கானல் ஏரிக்கரையில் எங்களுக்கு ஒரு பலூன் சுடும் கடை. பலகையில் வரிசையாகப் பலூன் கட்டி வைத்து, வருகிறவர்கள் கையில் ஏர் கன்னைக் கொடுப்போம். கூவிக் கூப்பிட்டு ஆள் சேர்ப்பது என் வீட்டுக்காரர் வேலை. போன சீசனுக்கு முன்னால் அவருக்குத் தோள்பட்டை இறங்கிப் போனது. கடை என் பொறுப்புக்கு வந்தது. எனக்கோ தெரியாத ஆளிடம் பஸ் போய்விட்டதா என்று கேட்கக்கூட வாய் வராது.

கடையில் இரண்டு துப்பாக்கிகள். இரண்டிலும் குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கும். சுட்டால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து, அந்தக் காற்றில் குண்டு போகும். பெரியதில் பிஸ்டன் ஓடுகிற தூரம் அதிகம். மடக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். சிறியதில் தூரம் குறைவு. அதை வீட்டுக்காரர் எடுப்பதே இல்லை. கொசு அடிக்கத்தான் ஆகும் என்பார். பெரியதை நீட்டி, "தோள்ல நல்லா இறுக்கிப் பிடிங்க சார்" என்பார். ஏரிக்கரையில் எல்லாக் கடையிலும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அதையே சொன்னேன்.

அவர் கடையில் நின்றபோதும் பலர் குறி தவறவிட்டார்கள்தான். கேலி பேசியே இன்னொரு முறை சுட வைத்துவிடுவார். எனக்கு அது வராது. ஒரு நாள் குடும்பத்தோடு வந்த ஒருவர் ஒரு பலூனைக்கூட உடைக்க முடியாமல், குழலை வளைத்து வைத்து ஏமாற்றுகிறோம் என்று சத்தம் போட்டார். நான் குனிந்துகொண்டேன். வரிசையில் நின்றவர்கள் கலைந்தார்கள். அடுத்த நாளும் ஆள் இல்லை. கடையை விட்டுவிடலாம் என்றே நினைத்தேன்.

பக்கத்தில் சோளம் சுட்டு விற்கும் அக்காதான் விடவில்லை. "வளஞ்சிருக்கா இல்லையான்னு சுட்டே பாத்துருவோம். நாளைக்கு வெள்ளனே வா" என்றார்.

மறுநாள் அட்டைப் பெட்டி ஒன்றைப் பலகையில் சாய்த்து வைத்தோம். பெரியதை நான் இறுக்கிப் பிடித்துச் சுட்டேன். குண்டுகள் அட்டையைத் துளைத்துக்கொண்டு போயின. ஆனால் மூலைக்கு ஒன்றாகப் போயின. சிறியதில் துளைகள் நெருக்கமாக விழுந்தன. பிறகு அக்கா பெரியதை வாங்கினார். அடுப்பில் சுட்டு உள்ளங்கையில் கொப்புளம் இருந்ததால் விரலை மடக்காமல் துப்பாக்கியைக் கைமேல் சும்மா கிடத்தித்தான் சுட்டார். துளைகள் எல்லாம் ஒரே இடத்தில்.

"ஏ புள்ள, குழல் நேராத்தான் கெடக்கு. நீங்கதான் ஊரையே இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கெடுத்திருக்கீக."

நெடுந்தூரம் ஓடுகிற பிஸ்டன், குண்டு வெளியே போவதற்குள் துப்பாக்கியையே உலுக்கிவிடுகிறது. இறுக்கினால் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு பக்கம் துள்ளுகிறது. லேசாகப் பிடிக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்க என்னால் ஆகாது. சிறியது அவ்வளவு படுத்துவதில்லை. எப்படிப் பிடித்தாலும் ஓரளவு சொன்னபடி கேட்கிறது. பலூன் உடைய அந்த வேகம் போதும். அன்றிலிருந்து சிறியதையே நீட்டினேன். பலூன் வெடிக்கிற சத்தம் கேட்டு நடைபாதையில் போகிறவர்கள் தாமாகவே திரும்பி வந்தார்கள். நான் கூவவே வேண்டியிருக்கவில்லை.

தோள் ஆறியதும் வீட்டுக்காரர் ஒரு மாலை கடைக்கு வந்தார். சிறியதில் பலூன்கள் வெடிப்பதைப் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்து எனக்குப் பலூன் ஊதிக் கொடுக்க ஆரம்பித்தார்.