என் குரலுக்கு எல்லையம்மன் கட்டிய காப்பு

போன வருஷம் வைகாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மீன் ஏலத்தின் நடுவில் என் குரல் போய்விட்டது. "ஒரு தரம்" என்றேன், வந்தது. "ரெண்டு தரம்" என்றேன், வெறும் காற்றுதான் வந்தது. எதிரில் நின்ற வியாபாரிகள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். இறால் கூடைக்கு முன்னால், கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றேன்.

அம்மனை நம்பியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். என் பெயர் கௌரி. பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற குப்பங்களில் ஒன்று எங்கள் ஊர். பிறந்தது பசியாவரம், வாக்கப்பட்டு இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. என் கணவர் ஏழுமலை ஏரியில் வலை போடுகிறார். கரைக்கு வரும் மீனை ஏலம் கூறுவது என் வேலை. கௌரி இந்தக் கரையில் விலை கூறினால் அந்தக் கரையில் இருக்கிறவன் பையில் கை விடுவான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். எனக்கு அதில் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன்.

அதே தொண்டையில்தான் என் பாட்டும் இருந்தது. எல்லாம் நானே கட்டிய பாட்டுகள். வலையில் சிக்கிய நண்டு என்னைத் திட்டுவதாக ஒன்று, வாடைக் காற்றுக்கு வயசாகிவிட்டதாக ஒன்று, பஸ்ஸை விட்டுவிட்டு மீன் கூடையோடு திருப்பாலைவனத்தில் நின்ற கதை ஒன்று. இதையெல்லாம் யார் கேட்பார்கள்? திருவிழாவுக்கு வந்த பாட்டுக் கச்சேரிக்காரர்களிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். சினிமாப் பாட்டு தெரிந்தால் மேடைக்கு வா என்றார்கள். நான் அதோடு விட்டுவிட்டேன். என் கணவர் விடவில்லை. மாசி மாதம் தோணியில் உட்கார்ந்து நான் நண்டுப் பாட்டைப் பாடியதை செல்போனில் எடுத்து, எனக்குத் தெரியாமல் நாலு பேர் பார்க்கிற மாதிரி போட்டுவிட்டார்.

பங்குனியில் சென்னையிலிருந்து நித்யா என்று ஒரு பெண் போன் செய்தார். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்களை ஊர் ஊராகத் தேடி மேடை கொடுக்கிற சின்னக் குழு அவர்களுடையது. ஆவணியில் ஒரு நிகழ்ச்சி, புதியவர்கள் ஆறு பேர், அதில் நீங்களும் ஒருவர், அரை மணி நேரம் உங்கள் பாட்டு மட்டும்தான் என்றார். சினிமாப் பாட்டு வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். அன்றைக்கு வைத்த குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

எனக்கு முப்பத்து நான்கு வயசு. இனிமேல் எனக்கென்று தனியாக எதுவும் வராது என்று நினைத்திருந்தபோது வந்த அழைப்பு அது. அது வந்த இரண்டாம் மாதம் குரல் போனால் மனசு என்ன பாடுபடும், நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பொன்னேரியில் ஒரு தொண்டை டாக்டரிடம் போனோம். துடுப்புப் பிடித்துப் பிடித்துக் கையில் காய்ப்பு விழுகிறதே, அப்படித்தான் கத்திக் கத்திக் குரல் வருகிற இடத்தில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்று அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். ஏழு வாரம் வாயைத் திறக்கக்கூடாது. கிசுகிசுவென்று பேசுவதுகூடக் கூடாது. அப்படியும் கரையாவிட்டால் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம், ஆனால் பிறகு பாட்டு எப்படி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஊரில்தான் யாருக்கும் புரியவில்லை. காய்ச்சல் என்றால் தெரியும், கால் ஒடிந்தால் தெரியும். நன்றாகத் தின்றுகொண்டு நடமாடிக்கொண்டு பேசாமல் மட்டும் இருப்பது என்ன வியாதி? மேடை கிடைத்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். என் கணவரின் அக்கா தனம் அண்ணி எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மீன் விற்பவர். அவர் எல்லோர் எதிரிலும் கேட்டார்.

"இன்னாடி, பாட்டுக்காரி ஆயிட்டா எங்க கூடல்லாம் பேசக்கூடாதுனு சட்டமா?"

மற்றவர்களை மட்டும் குறை சொன்னால் அம்மனுக்கே பொறுக்காது. நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. முதல் நாளே ஒரு வியாபாரி ஏலம் முடிந்த இறாலில் கை வைத்தான், இருந்த கரகரப்பிலேயே கத்திவிட்டேன். மூன்றாம் நாள் அண்ணியிடமே கத்தினேன். ஐந்தாம் நாள் தொண்டையில் காற்றுகூட ஒழுங்காக வரவில்லை. நித்யாவுக்கு வர முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்று கணவரிடம் கையால் காட்டினேன். அவர் போனைத் தொடவே இல்லை. வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் எல்லையம்மன் கோயிலுக்குப் போனேன். மணல் காலைச் சுட்டது. நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வாய்விட்டு வேண்டிக்கொள்ளக்கூட வழி இல்லை. மனசுக்குள்ளேயே அவளோடு சண்டை போட்டேன். வருஷா வருஷம் உனக்குக் கூழ் ஊற்றும்போது முதல் பாட்டு நான்தானே பாடுகிறேன், உனக்குக் காது இல்லையா என்று கேட்டேன். சண்டை போட்டுத் தீர்ந்த பிறகு, அம்மா, எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், என் குரலைக் கொடுத்துவிடு, எப்படிக் கொடுப்பாய் என்று நான் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பூசாரி சாவியோடு வந்தார். என்ன வேண்டுதல் என்று கேட்டார். தொண்டையைத் தொட்டு, வாயைப் பொத்தி, இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். குரல் போய்விட்டது, எனக்கு வழி தெரியவில்லை என்று அர்த்தம். அவர் தலையை ஆட்டினார்.

"மௌன விரதமா? ஒரு மண்டலம் இருக்கப் போறியா? நல்லதும்மா."

இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். அவர் அதற்குள் கர்ப்பக்கிரகத்துக்குள் போய்விட்டார். மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றை அம்மன் காலடியில் வைத்து எடுத்து வந்து என் கையில் காப்புக் கட்டிவிட்டார். கட்டிய காப்பை நாள் முடியாமல் அவிழ்க்கக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். நாற்பத்தெட்டு நாள். நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று நான் வாயைத் திறந்து சொன்னால் அப்போதே விரதம் முறிந்துவிடும். சொல்லாவிட்டால் விரதம் ஓடிக்கொண்டே இருக்கும். வசமாக மாட்டிக்கொண்டேன். வீடு வரும்வரை அழுதேன், பாதிக்குப் பாதி கோபத்தில்.

மறுநாள் கரைக்குப் போனபோது, பழைய வியாபாரி ஒருவர் வழக்கம்போல என் வாயைக் கிளறினார். தனம் அண்ணி மீன் வெட்டும் கத்தியோடு எழுந்து நின்றார்.

"அம்மனுக்கு வாயைக் கட்டிக்கினு இருக்கா. அவளைப் பேச வச்சா பாவம் உன் தலையிலதான் வுழும், பாத்துக்கோ."

அவ்வளவுதான். டாக்டர் சீட்டுக்குக் கிடைக்காத மரியாதை ஒரு முழக் கயிற்றுக்குக் கிடைத்தது. என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் எதிரில் சண்டை போடுகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஏலத்தை நான் விரலால் காட்டினேன், அண்ணி சத்தம் போட்டு விலை சொன்னார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரத்துக்கு நான் ஐஸ் பெட்டி மூடியில் தட்டுவேன். மூன்றாவது தட்டு விழுந்தால் மீன் கடைசி விலை கேட்டவருக்கு. எனக்கு வாய் கட்டியிருந்தாலும் கோபம் கட்டுப்படவில்லை, சில நாள் மூடி உடையாதது அம்மன் புண்ணியம்.

வீட்டிலும் அதே கதை. கல்யாணம் ஆனதிலிருந்து இப்போதுதான் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கிறேன் என்று என் கணவர் சொன்னார். கரண்டியை எறிந்தேன். சிரித்துக்கொண்டே பிடித்தார்.

அவர் நித்யாவுக்கு எல்லாவற்றையும் விளக்கமாக எழுதியிருந்தார். உங்கள் இடம் உங்களுக்குத்தான், கடைசி நாள்வரை காத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. கூடவே மற்ற ஐந்து பேரின் பாட்டுகளையும் அனுப்பியிருந்தார். பேச முடியாதவள் கேட்கத்தானே முடியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். அதில் ஒருவர் திருப்பாலைவனத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற சேகர். அந்த ஆட்டோவில் நான் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன், சில்லறைக்குச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். அவர் பாட்டுக் கட்டுவார் என்று எனக்குத் தெரியாது, எனக்குத் தொண்டை இருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். இன்னொருவர் காட்டூரில் நாற்று நடுகிற பெண். நடவுக்கு நடுவே எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாளே, அந்த வலியைப் பற்றி ஒரு பாட்டு. கேட்டதும் எனக்கு இடுப்பு வலித்தது. இந்த வட்டாரத்தில் சொந்தப் பாட்டு வைத்திருப்பவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கத்திக்கொண்டே இருந்ததால் பக்கத்தில் பாடியது எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் வெட்கப்பட்டேன். சந்தோஷமும் பட்டேன்.

ஆடி இரண்டாம் வெள்ளி மண்டலம் முடிந்தது. பொங்கல் வைத்தோம். பூசாரி காப்பை அவிழ்த்து, அம்மனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லும்மா என்றார். வராமல் போய்விட்டால்? ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறது. என் கணவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றேன்.

வந்தது. மெதுவாக வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் கனமாக வந்தது. ஆனால் உடையாமல் வந்தது. கோயிலில் எல்லோரும் குலவை போட்டார்கள். நான் மறுபடியும் அம்மா என்றேன், மறுபடியும் வந்தது. பிறகு அழுகையில் வேறு எதுவும் வரவில்லை. அடுத்த வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, காய்ப்பு கரைந்துவிட்டது, இவ்வளவு கட்டுப்பாடாக யாரும் இருந்து நான் பார்த்ததில்லை என்றார். என் கட்டுப்பாடு எங்கே, என்னைக் கட்டியது யார் என்று நான் அவருக்குச் சொன்னேன். சிரித்தார்.

ஆவணியில் சென்னை மேடையில் பாடினேன். சின்ன ஹால்தான். பக்கத்தில் சேகர் ஐஸ் பெட்டி மூடியில் தட்டினார். ஏலத்தில் நான் தட்டிய தட்டையே ஒரு பாட்டாகக் கட்டியிருந்தேன். முன்பு மாதிரி எட்டூருக்குக் கேட்கும் குரல் இல்லை, முன்வரிசைக்காரர் காதில் பேசுகிற குரல். முன்பு என் பாட்டு சத்தமாக இருந்தது, இப்போது பாட்டாக இருக்கிறது என்று நித்யா சொன்னார். அதன் பிறகு என் மூன்று பாட்டுகளை முறையாகப் பதிவு செய்து கொடுத்தார்கள். பொன்னேரியிலும் ஒரு தடவை பாடினேன். இப்போது ஏலத்துக்குக் கையில் பிடிக்கிற மைக் வாங்கிவிட்டேன். மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் எங்கள் கோயில் வாசலில் சேகர், காட்டூர்ப் பெண், புதிதாக யார் வந்தாலும் அவர்கள், சொந்தப் பாட்டு மட்டும் பாடுகிறோம். சினிமாப் பாட்டு கேட்பவர்களுக்கு அண்ணி பதில் சொல்லிக்கொள்வார்.

ஒரு பொய் மட்டும் என் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. தை மாதம் பூசாரியிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் விரதம் கேட்கவே இல்லை, நீங்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டு கட்டிவிட்டீர்கள் என்றேன். அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்தார்.

"தப்பால்லாம் இல்லம்மா. அன்னிக்கி உன் பின்னாலயே உங்க அண்ணி எங்க வூட்டுக்கு ஓடியாந்துச்சு. டாக்டர் சொன்னா எவனும் கேக்க மாட்டான், நீ கயித்தைக் கட்டு, ஏழு வாரம் ஊரே அவ வாயைக் காக்கும்னு கையைப் புடிச்சிக்கினு அழுதுச்சு. அதுக்குத்தான் உச்சி வெயில்ல நடை தொறந்தேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. இந்தத் தடவை தொண்டையில் ஒரு குறையும் இல்லாமலே வரவில்லை. கரைக்குப் போனேன். அண்ணி மடவை மீனுக்குச் செதிள் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். "வுடுடி, கை நாத்தம்" என்றார். நான் விடவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இன்றைக்கு அடைத்த கதவுக்கு முன்னால் நிற்கலாம். அழுங்கள், சண்டை போடுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், யார் மூலமாகத் தர வேண்டும் என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள். நமக்கு ஆகாதவர்கள் என்று நாம் நினைக்கிறவர்களையும் அவள் அனுப்புவாள். எனக்கு அப்படித்தான் அனுப்பினாள்.