மேடம் போட்ட ‘நாட் பேட்’

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது செல்போனில் ஒரு சிபாரிசுக் கடிதம் வந்தது. நான் எழுதித் தர வேண்டிய கடிதம். மாணவியே எழுதி அனுப்பிவிட்டாள், என் கையெழுத்து போதுமாம். ‘ஒப்பற்றவள்’, ‘அபூர்வமானவள்’. படிக்கப் படிக்க எனக்குத்தான் கூச்சம்.

பக்கத்தில் ஒரு அம்மாள் கடம்பூர்ப் போளிப் பொட்டலத்தைப் பிரித்தாள். நெய்வாசம். எங்கள் அப்பா அந்தப் போளியை இரண்டு வாய் தின்றுவிட்டு, “பரவாயில்ல” என்பார். அதற்குமேல் ஒரு போளிக்கு எங்கள் பக்கம் மரியாதை கிடையாது. கரிசல் குளிர மழை பெய்தாலும் பரவாயில்லதான். பருத்தி வெடித்துக் காடே வெளுத்துக் கிடந்தாலும் பரவாயில்லதான்.

எம்.எஸ்சி.யில் எனக்குத் தாவரவியல் எடுத்த மேடமும் இந்தக் கரிசல்காரிதான். ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப்புறம் ஒரு கிராமம். டெல்லியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு மனுப் போட்டிருந்தேன். இடம் கிடைக்காவிட்டால் தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேடத்திடம் தயங்கித் தயங்கிக் கடிதம் கேட்டேன். மறுநாள் கவரை ஒட்டாமலே நீட்டினார்.

“வாசிச்சிட்டு ஒட்டு.”

ஆங்கிலத்தில் நாலே வரி. கடைசி வரி: ‘ஷி இஸ் நாட் பேட்.’

வீட்டு வாசலில் பந்தல்கால் ஊன்றுவது அங்கேயே தெரிந்தது எனக்கு.

“மேடம், நாட் பேட்னு…”

“ஆமா. அதுக்கென்ன?”

“சுமார்னு நெனச்சிருவாவளே மேடம்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “ஏட்டி, எத்தனையோ பிள்ளையளுக்கு எழுதியிருக்கேன். எல்லாத்துக்கும் எக்ஸலன்ட்தான். கையில வந்ததப் போட்டு அனுப்புததுதான. பரவாயில்லன்னு ஒருத்திக்கும் எழுதல. ஒனக்குத்தான் எழுதுதேன்.”

அந்த வார்த்தை எனக்குள் எங்கே இறங்கியதென்றே தெரியவில்லை. இத்தனை நாள் என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத மனுஷி. நன்றி சொல்வதா, அழுவதா? என் வாய் என்னைக் கேட்காமலே, “டெல்லிக்காரவியளுக்குப் புரியாதே மேடம்” என்றது.

மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். “அதுவும் சரிதான். அவியளுக்கு நம்ம பேச்சு என்ன தெரியும்?” கடிதத்தை வாங்கினார். நாலாகக் கிழித்தார். தடுக்கக் கை எழுந்தது, பாதியில் நின்றது. புதுத்தாளில் அதே நாலு வரி. கடைசியில் மட்டும் எக்ஸலன்ட். இந்தத் தடவை கவரை அவரே ஒட்டினார்.

டெல்லியில் இடம் கிடைத்தது. எல்லோருக்கும் போன கடிதம்தான் எனக்கும் போனது.

மேடம் இப்போது இல்லை. அதன்பின் என்னை எத்தனையோ மேடைகளில் புகழ்ந்துவிட்டார்கள், மாலைகூடப் போட்டார்கள். என்னைப் பரவாயில்லை என்று சொன்ன காகிதம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கிழித்த அன்றே சாயங்காலம் துறையைக் கூட்டியவர்கள் குப்பையோடு அள்ளிக்கொண்டு போனார்கள்.