கடுவன் போன பிறகு

அருப்புக்கோட்டையை விட்டு இரண்டு மைல் நடந்த பிறகுதான், தோளில் கிடந்த சாக்கு அசையாமல் இருப்பதைக் கவனித்தேன். கிளம்பும்போது உள்ளே இருந்த பூனை என் முதுகைக் கீறிக்கொண்டே வந்தது. எந்த இடத்தில் நிறுத்தியது என்று தெரியவில்லை. ரோட்டோரத்து உடைமரத்தடியில் சாக்கை இறக்கி, வாயைப் பிரித்துப் பார்த்தேன். உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, முகத்தைச் சாக்கின் மூலைக்குள் திருப்பிக்கொண்டது. எட்டு நாளாக அது தண்ணீரை நக்கியதைத் தவிர எதையும் தின்னவில்லை.

அது சாகாமல் இருந்தால் போதும். அதற்கு மேல் எனக்கு அன்றைக்கு எண்ணம் எதுவும் இல்லை. வேலையை விட்டு என்னைத் துரத்தியிருந்தார்கள். அது புதிதல்ல. பந்தல்குடியில் ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்தும், மல்லாங்கிணற்றில் பருத்தி மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியிலிருந்தும் முன்பே துரத்தப்பட்டவன்தான். பூனையோடு சேர்த்துத் துரத்தியது இதுவே முதல் தடவை.

என்னைத் துரத்தியது கன்னடம் பேசும் ஒரு நெசவுக் குடும்பம். வீட்டில் மூன்று தறிகள். நான் நெய்கிறவன் அல்ல, கஞ்சி காய்ச்சுகிறவன். விடிவதற்குள், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். கஞ்சி ஏறிய நூல் எலிக்குப் பலகாரம். அதனால் தறி இருக்கிற வீட்டில் பூனை இருக்கும். இந்த வீட்டில் ஒரு கடுவனும் ஒரு பெட்டையும் இருந்தன. இரண்டும் தறிக்குழியில் படுக்கும். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் குழி அது. அடியில் மண் குளிர்ந்து கிடக்கும். கடுவன் முதலில் இறங்கிப் படுக்கும், பெட்டை அதன் முதுகில் தலையை வைக்கும். கஞ்சி காய்ச்சி முடித்ததும் பானையின் அடியில் ஒட்டியதைப் பூனைகள் நக்குவதற்காக, நான் பானையைக் கொல்லையில் சாய்த்து வைப்பேன். கடுவன் தலையை உள்ளே விடும். அது வெளியே வரும் வரை பெட்டை காத்திருக்கும்.

உலகச் சண்டைக் காலம் வந்ததும் அரிசி கிடைக்காமல் போயிற்று. மனிதனுக்கே இல்லாத அரிசியை நூலுக்கு எங்கே ஊற்றுவது? புளியங்கொட்டையை வறுத்து இடித்த மாவில் கஞ்சி காய்ச்சச் சொன்னார் முதலாளி. அந்தக் கஞ்சி மறுநாளே பூசணம் பூத்துவிடும். பாவெல்லாம் கறுப்பாகப் புள்ளி விழும். அதைத் தடுக்க மயில்துத்தம் என்கிற நீலக் கல்லைப் பொடித்து ஒரு சிட்டிகை போட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதலாளி என்னிடம் பொட்டலத்தைக் கொடுக்கும்போதே சொன்னார்.

"ஏலே, இது விசம். பானையைக் கழுவி வேலிக்கு அங்கிட்டு ஊத்திரு. மறந்துறாத."

மறக்கவில்லை. காதில் விழுந்தது, புரிந்தது, தலையையும் ஆட்டினேன். ஆனால் அன்று பாவு நூல் இரண்டு இடத்தில் அறுந்து, கை ஒழியவில்லை. பானையை எப்போதும் சாய்க்கிற இடத்தில் சாய்த்துவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். துத்தம் சரியாகக் கரையாமல் அடியில் தங்கியிருந்தது. அடிதான் கடுவனுடைய பங்கு.

பகல் முழுவதும் அது வாந்தி எடுத்தது. கொல்லையில் சுற்றிச் சுற்றி நடந்தது, பிறகு இழுத்துக்கொண்டு நடந்தது. பெட்டை அதன் பின்னாலேயே போய் வாயை முகர்ந்து பார்த்தது. வெயில் சாய்கிற நேரத்தில் கடுவன் தறிக்குழிக்குள் இறங்கிச் செத்தது. பாம்பு தீண்டியிருக்கும் என்றார் முதலாளி. நான் ஆமாம் என்றேன். இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஓடைக்கரையில் புதைத்தேன். பெட்டை வீட்டு வாசல் வரை வந்து நின்றுகொண்டது.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. கடுவன் படுத்த இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கும். கூரைச் சட்டம், நூல் பெட்டிக்குப் பின்புறம், கொல்லைத் தொட்டி. எல்லாம் பார்த்துவிட்டுக் குழிக்குள் இறங்கி, அது செத்த மூலையில் உட்காரும். விளக்கு வைக்கிற நேரத்தில் கத்தும். அது பூனையின் குரலாக இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் அழுகை போல இருந்தது. உடம்பை நக்குவதை விட்டுவிட்டது. மயிரில் கஞ்சித் தூள் அப்பிக்கொண்டு கட்டி கட்டியாகத் தொங்கியது.

முதலாளியின் மனைவி பூனையிடம் கன்னடத்தில் கொஞ்சிப் பேசுவார். என்னை ஏசுவதற்கு மட்டும் தமிழ். "பூனை அழுற வீட்ல தறி ஓடுமாலே? அதுக்கு எதையாச்சும் கொடுத்து வாயை அடை." வாடை போனால் மறந்துவிடும் என்று சொல்லி, குழியைச் சாணி போட்டு மெழுக வைத்தார். மெழுகிய அன்று பெட்டை அந்த மூலையை நகத்தால் பிறாண்டிப் பிறாண்டி, மண் தெரியும் வரை தோண்டிவிட்டது.

எனக்குத் தெரிந்ததை நானும் செய்தேன். சந்தைப்பேட்டைப் பக்கம் திரிந்த ஒரு கடுவனைப் பிடித்துவந்து குழிக்குள் விட்டேன். துணை கிடைத்தால் சரியாகும் என்று நினைத்தேன். அது பெட்டையின் காதைக் கிழித்துவிட்டு ஓடிப்போயிற்று. பெட்டை எதிர்த்து ஒரு அடி கூட அடிக்கவில்லை. பிறகு கன்றுக்குக் கஷாயம் புகட்டுகிற மூங்கில் குழாயை எடுத்து, பெட்டையை மடியில் இறுக்கி, வாயைப் பிளந்து கூழை ஊற்றினேன். உள்ளே போனது பாதி, என் சட்டையில் பாதி. உள்ளே போனதையும் கொஞ்ச நேரத்தில் கக்கியது. என் கட்டைவிரலில் அதன் பல் இறங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது.

கடைசியாகத்தான் கருவாடு. அந்த வீட்டுக்குள் மீன் நுழையாது. தெரிந்தேதான் செய்தேன். சாளைக் கருவாட்டை மடியில் மறைத்துக் கொண்டுவந்து, மாலையில் எல்லாரும் தறியை விட்டு எழுந்த பிறகு, குழியில் பெட்டையின் முன்னால் வைத்தேன். மேலே தறியில் அன்றைக்குத்தான் ஏற்றிய பாவு. சர்க்கார் பெர்மிட்டு போட்டு, இரண்டு மாதம் காத்திருந்து வாங்கிய நூல்.

காலையில் முதலாளி தறிக்கு முன்னால் நின்றார். உட்காரவில்லை. கருவாட்டு வாடைக்குப் பெருச்சாளி வந்திருக்கிறது. கருவாட்டைத் தின்றுவிட்டு மேலே ஏறிக் கஞ்சி நூலையும் தின்றிருக்கிறது. பாவின் அகலம் முழுக்க இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அறுந்து தொங்கியது. பெட்டை குழியின் மூலையில் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. இரவெல்லாம் அது பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

முதலாளி தறிக்கயிற்றால் என்னை அடித்தார். அடிக்கட்டும் என்று நின்றேன். மூச்சு வாங்கியதும் கயிற்றைப் போட்டுவிட்டுச் சொன்னார்.

"பூனையைக் கொன்னா பாவம். இல்லாட்டி இப்பவே அடிச்சிருப்பேன். சாக்குல கட்டிக் கொண்டுபோயி குண்டாத்துக்கு அங்கிட்டு விட்டுரு. ஆத்தைத் தாண்டிட்டா அதுக்கு வழி தெரியாது. நீயும் அப்படியே போயிரு. உனக்கு வழி தெரியும், இருந்தாலும் வந்துறாத."

அவர் மனைவி சாக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்.

உடைமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுச் சாக்கைத் தூக்கினேன். கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. காய்ந்த பருத்திச் செடிகளைப் பிடுங்கிய நிலம், நிழல் இல்லை. எதிரே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவன் நின்றான்.

"சாக்குல என்னலே, கோழியா?"

"பூனை."

"எங்க கொண்டு போற?"

"ஆத்துக்கு அங்கிட்டு விட. எட்டு நாளா எதுவும் திங்கமாட்டேங்குது."

"அப்ப நீ அதைத் தின்னுரு. ரெண்டு பேருக்குமே கஷ்டம் தீந்துரும்," என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான். சிரிக்கவும் இல்லை. அந்தக் காலத்தில் அதை வேடிக்கை என்றும் சொல்ல முடியாது, யோசனை என்றும் சொல்ல முடியாது.

திருச்சுழியைத் தாண்டி ஆற்று மணலில் இறங்கியபோது பிற்பகல். மணல் காலைச் சுட்டது. சாக்கு பஞ்சு மூட்டை போலக் கனமில்லாமல் கிடந்தது. அக்கரையில் ஏறியதும் வண்டிக்காரர்களுக்குச் சோறு போடும் ஒரு கொட்டகை இருந்தது. நடத்துகிறவள் நாற்பது வயதுக்காரி, தனியாள். தண்ணீர் கேட்டேன். கொடுத்தாள். சாக்கை அவிழ்த்து வைத்ததைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

"என்ன தம்பி, சாகப்போற பூனையைத் தூக்கிட்டுத் திரியுற?"

"இணை செத்துப்போச்சுக்கா. அந்த ஏக்கம்."

அவள் உள்ளே போய், சிரட்டையில் கம்மஞ்சோற்றில் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள். பூனை சாக்கின் வாயிலிருந்து தலையை நீட்டியது. மூக்கு அசைந்தது. எட்டு நாளில் அப்படி அசைந்து நான் பார்க்கவில்லை. அவசரப்பட்டுச் சிரட்டையை அதன் பக்கம் தள்ளினேன். தலை உள்ளே போய்விட்டது.

"கையை எடு," என்றாள். பிறகு, "கையைக் காட்டு" என்றாள்.

காட்டினேன்.

"நகத்துல என்னலே இது, நீலமா?"

"மயில்துத்தம். கஞ்சில போடுறது."

"அந்த இன்னொண்ணு எப்படிச் செத்துச்சு?"

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். முன்பின் தெரியாத ஆள் என்பதால் சுலபமாக இருந்தது. அவள் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இது செத்ததோட வாயை மோந்து பாத்திருக்கு. உன் கையிலயும் அதே வாடைதான். எட்டு நாளா அந்தக் கையால எடுத்து எடுத்துக் கொடுத்திருக்க. கொன்னவன் கையில சோறு வாங்கித் திங்குமா? ஏக்கம்னு கதை சொல்ற."

"அழுதுச்சுக்கா. குழியைத் தோண்டுச்சு."

"அழுகாம? அதுவும் இருக்கும், இதுவும் இருக்கும். அந்தப் புளியமரத்துக்கு அங்கிட்டுப் போயி நில்லு. முதுகைக் காட்டிட்டு நில்லு."

போய் நின்றேன். எதிரே வெறும் காடு. பனைமரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"திங்குது," என்றாள் அவள் பின்னாலிருந்து, குரலை ஏற்றாமல். "திரும்பாத."

திரும்பிவிட்டேன். முன்னங்கால் இரண்டையும் சிரட்டைக்கு இரண்டு பக்கமும் ஊன்றி, முதுகெலும்பு ஏறி இறங்க, அது தின்றுகொண்டிருந்தது. காற்று என் பக்கமிருந்து அடித்ததோ, என்னைப் பார்த்துவிட்டதோ. தலையைத் தூக்கியது. வாயில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு அவளுடைய சேலைக்குப் பின்னால் போயிற்று.

"திரும்பாதன்னு சொன்னேன்ல," என்றாள்.

அவள் சொன்ன காரணம் சரிதானா, இல்லை அந்தக் குழியை விட்டு வந்ததால்தான் பசி திரும்பியதா, எனக்கு இன்றும் தெரியாது. இரண்டில் எதுவானாலும் நான் அங்கே தேவையில்லை. ஆனாலும் கேட்டுப் பார்த்தேன். தண்ணீர் எடுக்கிறேன், விறகு ஒடிக்கிறேன், சோறு மட்டும் போட்டால் போதும் என்றேன்.

"பூனை இருக்கட்டும். தானியச் சாக்கெல்லாம் எலி ஓட்டை. உனக்கு எலி பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம் என்னத்துக்கு நிக்குற? நீ நிக்கிற வரைக்கும் அது வாய் வைக்காது. உயிர் கிடக்கணும்னா போ. போற வழியில பஸ்ஸு நிக்கிற இடத்துல ஆள் தேடுறதாச் சொன்னாக, கேட்டுப் பாரு."

எனக்கும் ஒரு சிரட்டை சோறு போட்டுக் கொடுத்தாள். கொட்டகைக்குள் விடவில்லை. புளியமரத்தடியிலேயே தின்றுவிட்டு நடந்தேன்.

மறுநாள் காலையில் அவள் சொன்ன பஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தேன். பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ் கரியில் ஓடியது. வண்டியின் பின்னால் பீப்பாய் போல ஓர் அடுப்பு. அதில் கரியைக் கொட்டி, பக்கத்தில் உள்ள காற்றுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் புகை ஏறி எஞ்சின் பிடிக்கும். முன்பு சுற்றியவன் மூடியைத் திறந்தபோது தீ முகத்தில் அடித்து, இரண்டு கண்ணும் போய்விட்டதாம். "மூடியைத் திறக்கும்போது மூஞ்சியைத் திருப்பிக்க. வேற ஒண்ணும் பெரிய வேலை இல்ல," என்றார் டிரைவர்.

பொழுது ஏறியதும் வண்டி கிளம்பியது. அரை மைல் போவதற்குள் அந்தச் சோற்றுக் கொட்டகைக்கு முன்னால் நின்றது. டிரைவரும் ஏறியிருந்த நாலு பேரும் நீச்சத்தண்ணி குடிக்க இறங்கினார்கள். உள்ளே பெட்டை இருக்கிறதா, தின்கிறதா என்று பார்க்க ஆசையாக இருந்தது. டிரைவர் என்னையும் கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். அடுப்பு அணைந்துவிடும் என்று சொல்லிவிட்டு, வண்டிக்குப் பின்னாலேயே நின்று காற்றுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.